வால்வு சேர்த்துத் தரும் சுரம்

1954 அக்டோபர் 18. வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். அவர்களில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 1 அன்று, புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறியது. அதே அக்டோபர் 18ஆம் தேதிதான் அமெரிக்காவில் ரீஜென்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை ரேடியோவை அறிவித்தார்கள். விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ அது. உள்ளே இருந்தவை நான்கு டிரான்சிஸ்டர்கள். விலை 49 டாலர் 95 சென்ட்.

கீழூர் முடிவை வானொலியில் கேட்டவர்கள் அநேகமாக வால்வு ரேடியோவில்தான் கேட்டிருப்பார்கள். அன்று பரவலாக இருந்த ரேடியோ அதுதான். பெங்களூருவில் அதே 1954இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் நம் நாட்டு ரேடியோக்களுக்கான வால்வுகளைச் செய்து குவித்தது. அதற்குள் டிரான்சிஸ்டர் வந்து வீட்டு ரேடியோவைப் பிடித்துக்கொண்டது. கிராமங்களில் வால்வு நெடுநாள் தாக்குப்பிடித்தது மைக் செட்காரர்களிடம்தான். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போதும், காதுகுத்துப் பந்தலிலும், "வால்வு சூடேறட்டும் தம்பி, அப்புறம் மைக்கைப் பிடி" என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த வால்வு இப்போது வேறு வழியாகத் திரும்பி வருகிறது. சீனாவில் செய்த சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள், நடுத்தரக் குடும்பம் யோசித்து வாங்கக்கூடிய விலையில், கூரியரில் கிராமத்து வீட்டு வாசலுக்கே வருகின்றன. டெல்லியில் விரேன் பக்ஷியின் லிரிடா ஆடியோ போன்ற சில பட்டறைகள் இங்கேயே கையால் செய்கின்றன. நெடுங்காலம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் மட்டுமே பாட்டுக் கேட்ட நானும் மலிவான ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். சேனலுக்கு ஒரு இஎல்84 வால்வு. முதல் மாலையே பாட்டு வேறு மாதிரி கேட்டது. "வால்வு ஒலி இதமானது" என்று பலரும் சொல்லும் அனுபவம் உண்மைதான். ஆனால் அந்த இதம் எங்கிருந்து வருகிறது? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது. விடையை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: வால்வு பாட்டில் ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவரவில்லை. பாட்டில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறது. எதை, எவ்வளவு சேர்க்கிறது என்று கணக்கிடவும் முடியும்.

கண்ணாடிக்குள் நடப்பது

இஎல்84 நம் கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குப்பி. உச்சியில் உட்புறம் வெள்ளிப் பூச்சு போலப் பளபளக்கும். அது பேரியம் உலோகம். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய பிறகும் உள்ளே எஞ்சும் வாயுவைப் பிடித்துவைப்பது அதன் வேலை. கண்ணாடியில் விரிசல் விழுந்து காற்று புகுந்தால் அந்த வெள்ளி வெளுத்துப் பால் நிறமாகிவிடும். பழைய வால்வு வாங்கப் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பால் நிறமென்றால் அந்த வால்வு செத்துவிட்டது.

நடுவே கேத்தோடு என்ற மெல்லிய நிக்கல் குழல். அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளின் பூச்சு. குழலுக்குள் ஓடும் ஹீட்டர் கம்பி 6.3 வோல்ட்டில் எரிந்து அதை ஏறத்தாழ 750 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறது. அந்த வெப்பத்தில் எலக்ட்ரான்கள் பூச்சிலிருந்து வெளியேறிச் சுற்றிலும் மேகம் போல நிற்கும். வெப்பத்துக்கும் வெளியேறும் எலக்ட்ரான்களுக்கும் உள்ள கணக்கைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் வெளியே ஆனோடு என்ற தகடு. அதில் 250 வோல்ட் நேர்மின்னழுத்தம். எலக்ட்ரான்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஆகவே அந்தத் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே ஓடும். 1904இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் செய்த வால்வு இவ்வளவுதான். இரண்டு ஆண்டு கழித்து லீ டி ஃபாரஸ்ட் கேத்தோடுக்கும் ஆனோடுக்கும் நடுவே கிரிட் என்ற கம்பிச் சுருளை நுழைத்தார். மின்னணுவியல் அங்கேதான் பிறந்தது.

கிரிட் செய்யும் வேலையைப் பாகூர் ஏரியின் மதகில் பார்க்கலாம். மதகைத் திருகுகிறவர் செலவிடும் பலம் கொஞ்சம். வாய்க்காலில் பாயும் நீரின் பலமோ ஏரியுடையது. அதுபோல, பாட்டின் சின்ன மின்னழுத்தம் கிரிட்டில் ஏறி இறங்கும்போது, எலக்ட்ரான் ஓட்டம் அதே தாளத்தில் பெருகிச் சுருங்குகிறது. ஸ்பீக்கரை ஆட்டும் ஆற்றல் பாட்டிலிருந்து வருவதில்லை, சுவர் பிளக்கிலிருந்து வருகிறது. பாட்டு அதைத் திறந்து மூட மட்டும் செய்கிறது. டிரான்சிஸ்டரிலும் தத்துவம் இதேதான். அங்கே எலக்ட்ரான் வெற்றிடத்தைக் கடக்காமல் சிலிக்கான் படிகத்துக்குள்ளேயே நகர்கிறது, அதனால் ஹீட்டர் வேண்டியதில்லை.

வெற்றிடம் கடப்பதற்குச் செலவு உண்டு. ஒரு இஎல்84இன் ஆனோடில் 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. பெருக்கினால் 12 வாட். ஹீட்டருக்கு இன்னும் 5 வாட் போல. திரும்பக் கிடைக்கும் ஒலிச் சக்தி அதிகபட்சம் 5.7 வாட். மிச்சமெல்லாம் வெப்பம். இரண்டு சேனலும் சேர்ந்து சுமார் 50 வாட் இழுக்கும். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் மாதத்துக்கு நாலரை யூனிட் மின்சாரம்.

வளைந்த கோடும் மேல் ஸட்ஜமும்

வால்வின் தரவுத்தாளில் ஒரு வரி எழுதியிருக்கும், விற்பனை விளம்பரத்தில் அது இருக்காது: அந்த 5.7 வாட் கிடைக்கும்போது திரிபு 10 சதவீதம். இன்றைய நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் திரிபு 0.01 சதவீதத்துக்கும் கீழே நிற்கும். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அளவுமானி தோற்றது என்று சொல்லும் வால்வைக் காது ஏன் விரும்புகிறது?

காரணம் ஒரு வளைவு. வால்வில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் ஏறாது, அதன் ஒன்றரை அடுக்கில் ஏறும். வரைந்து பார்த்தால் நேர்க்கோடு வராது, மெல்ல வளைந்த கோடு வரும். வளைந்த கோட்டின் வழியே போகும் அலையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே அளவில் வராது. அப்படிச் சமன் குலைந்த அலைக்குள் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. வலுவாகப் பிறப்பது இரட்டை மடங்கு.

பாடகர் 200 ஹெர்ட்ஸில் ஸட்ஜம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை மடங்கு 400 ஹெர்ட்ஸ். அது மேல் ஸ்தாயி ஸட்ஜம். மூன்று மடங்கான 600, அந்த ஸ்தாயியின் பஞ்சமம். நான்காவது 800, மறுபடி ஸட்ஜம். ஐந்தாவது 1000, அதற்கு மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம். ஏழாவதான 1400இல்தான் சிக்கல்: அது எந்தச் சுரஸ்தானத்திலும் சரியாக உட்காராது. கீழ்மடங்குகள் பாட்டோடு உறவு கொண்டவை. இருக்கிற சுரத்தையே கொஞ்சம் தடிக்கவைத்து, உடலுள்ளதாக்குகின்றன. உயர்மடங்குகளோ காதை உறுத்தும். திரிபு எத்தனை சதவீதம் என்பதைவிட எந்த மடங்கில் விழுகிறது என்பதே காதுக்கு முக்கியம்.

மேற்சுரங்களின் செறிவு நமக்குப் பழகிய இன்பம்தான். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1921இல் தம்புராவைப் பற்றி எழுதிய கட்டுரை இதற்குச் சான்று. ஒரு தந்தியை நடுவில் மீட்டினால், நடுவில் அசையாப் புள்ளி கொண்ட இரட்டைப்படை மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது தாமஸ் யங் சொன்ன விதி. தம்புராவில் எழுகின்றன. குதிரையின் அகன்ற, சற்றே வளைந்த மேற்பரப்பும் அதன் மேல் தந்திக்கடியில் நுழைக்கும் ஜீவா நூலும் சேர்ந்து, தந்தி அதிரும்போதெல்லாம் அதை உரசி, விரலால் கொடுக்காத மேற்சுரங்களை உண்டாக்குகின்றன என்று ராமன் காட்டினார். தம்புராவின் ரீங்காரமும் வால்வின் இதமும் ஒன்றல்ல. தம்புராவில் உயர்மேற்சுரங்கள் பொங்குகின்றன, வால்வில் இரண்டாவது மட்டும் மெல்லத் தலைகாட்டுகிறது. ஆனால் சமச்சீரில்லாத, வளைந்த ஒன்று புதுச் சுரத்தை உண்டாக்கும் என்ற இயற்பியல் இரண்டுக்கும் பொது.

இங்கே பலர் தவறவிடும் ஒரு செய்தியும் உண்டு. வால்வு என்றாலே இரட்டைப்படை மேற்சுரம் என்பது சரியல்ல. இரண்டு வால்வுகளை எதிரெதிராக வைத்து, ஒன்று தள்ள ஒன்று இழுக்கும்படி செய்த ஆம்ப்ளிஃபயர்களில் இரட்டைப்படை மடங்குகள் கடைசிக் கட்டத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களும் பெரும்பாலும் இந்த வகைதான். சேனலுக்கு ஒற்றை வால்வு வைத்த சிறிய செட்டில்தான் இரண்டாம் மடங்கு முழுசாகக் கிடைக்கும்.

ஸ்பீக்கர் போடும் கணக்கு

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் குறைவு.

வால்வில் மின்னழுத்தம் அதிகம், மின்னோட்டம் குறைவு. ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர் எதிர். அதனால் நடுவே ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கரை வால்வுக்கு 5000 ஓமாகக் காட்ட வேண்டும். விகிதம் 625. அதன் வர்க்கமூலம் 25. எனவே முதற்சுருளில் இருபத்தைந்து சுற்றுக்கு வெளிச்சுருளில் ஒரு சுற்று. இத்தனை செய்தும், பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே திருப்பித் திருத்தும் ஏற்பாடு) குறைவாக உள்ள சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு 2 ஓம் போல நின்றுவிடும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அது 0.1 ஓமுக்கும் கீழே.

இதனால் என்ன ஆகிறது? '8 ஓம்' என்று எழுதிய ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. கூம்புத்தாள் தானாக ஆட விரும்பும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில், பல பெட்டிகளில் 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள், அதன் மின்மறுப்பு 30 ஓம் வரை ஏறும். நடுப்பகுதியில் 6 ஓமுக்கு இறங்கும். ஆம்ப்ளிஃபயர் தரும் மின்னழுத்தத்தை அதன் சொந்த 2 ஓமும் ஸ்பீக்கரும் பங்கிட்டுக்கொள்கின்றன. 6 ஓம் இருக்கும் இடத்தில் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது எட்டில் ஆறு பங்கு, அதாவது 75 சதவீதம். 30 ஓம் இருக்கும் இடத்தில் முப்பத்திரண்டில் முப்பது, கிட்டத்தட்ட 94 சதவீதம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 2 டெசிபல் வித்தியாசம். அடிநாதம் அந்த அளவு எழும்பிவிடும். டிரான்சிஸ்டரில் இதே கணக்கைப் போட்டால் வித்தியாசம் ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போனால் அதிகம்.

2 டெசிபல் தெளிவாகக் காதில் விழும். 'இதம்' என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு, ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து தாமாகத் திருகிவைத்த டோன் கன்ட்ரோல்தான். ஸ்பீக்கரை மாற்றினால் இதமும் மாறிவிடும். ஒருவர் வீட்டில் சொக்கவைத்த வால்வு செட் இன்னொருவர் வீட்டில் சாதாரணமாகக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

1985இல் அமெரிக்க வடிவமைப்பாளர் பாப் கார்வர் 'ஸ்டீரியோஃபைல்' இதழின் சவாலை ஏற்று இதை மெய்ப்பித்தார். இதழாசிரியர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயரின் ஒலியைத் தன் மலிவான டிரான்சிஸ்டர் செட்டில் கொண்டுவருகிறேன் என்றார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் மறையும்வரை தன் செட்டைத் திருத்தினார். வெளியீட்டு மின்மறுப்பும் அந்தத் திருத்தத்தில் சேர்ந்தது. கடைசியில் எது எதுவென்று ஆசிரியர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒலி வால்வின் கண்ணாடியில் குடியிருக்கவில்லை, மின்சுற்றின் நடத்தையில் இருக்கிறது.

ஐந்து வாட்டில் என்ன கேட்டது

ஐந்து வாட் போதுமா என்பதை ஆம்ப்ளிஃபயர் தீர்மானிப்பதில்லை, ஸ்பீக்கரின் உணர்திறன் தீர்மானிக்கிறது. மைக் செட்டின் கூம்பு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் வரை ஒலிக்கும். 30 வாட் கொடுத்தால் 120. திறந்தவெளியில் நூறு மீட்டர் தள்ளி நின்றாலும் 80 டெசிபல் வரும். சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒரு ஊருக்கே பாட்டுப் போட்டது இப்படித்தான். வீட்டுப் பெட்டி ஸ்பீக்கரோ 88 டெசிபல் அளவில்தான் தரும். அதில் 5.7 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 95. கூடத்தில் உட்கார்ந்து அளவாகக் கேட்க அது போதும். இசையின் உச்சங்கள் சராசரியைவிடப் பத்து டெசிபலுக்கு மேல் எகிறும் என்பதால், சத்தத்தைக் கூட்டக் கூட்ட அந்த உச்சங்கள் வால்வின் எல்லையில் முட்டும். முட்டும்போது வால்வு சட்டென்று வெட்டாமல் மெல்ல அமுக்குகிறது. வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் காதறிய வித்தியாசம் வெளிப்படுவது இப்படி அளவு மீறும் கட்டத்தில்தான் என்று ரஸ்ஸல் ஹாம் 1973லேயே ஒலிப் பொறியியல் கழகத்தின் இதழில் எழுதினார்.

நான் கேட்டதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனது. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலும் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் சேரும் பாட்டில் குரல் ஓரடி முன்னே வந்து நின்றது. நாகஸ்வரத்தின் கூர்மை குறையவில்லை, ஆனால் அதன் கீழே சதைப்பற்று கூடியது. அதே செட்டில் தவில் கேட்டபோது வலந்தலையின் விரல் சொற்கள் நன்றாக இருந்தன. தொப்பியில் கோல் விழும் அடி மட்டும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு கணம் நீண்டு தளர்ந்தது. அந்த 2 ஓம்தான் காரணம். ஆடும் கூம்புத்தாளைப் பிடித்து நிறுத்தும் பிடி ஆம்ப்ளிஃபயருக்குப் போதவில்லை. பேஸ் கிடார் ஓடும் பாட்டுகளுக்கு டிரான்சிஸ்டர் செட்டே எனக்குச் சரியாகப்பட்டது.

இன்னொன்றையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1950களின், அறுபதுகளின் தொடக்கத்துத் தமிழ்ப் பாட்டுகள் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வால்வுகளின் வழியே போனவை. மைக்கின் பின்னாலும் பதிவுக் கருவிக்குள்ளும் வால்வுகளே இருந்தன. அந்தப் பாட்டுகளின் இதம் பதிவிலேயே இருக்கிறது. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் அதை அப்படியே தந்துவிடும். வால்வு செட் அதன் மேல் தன் பங்கையும் போடுகிறது.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை

மலிவு விலையில் 'டியூப் ஆம்ப்' என்று விற்பவற்றில் பலவற்றில் வால்வு முன்கட்டத்தில் மட்டுமே நிற்கும். ஸ்பீக்கரை ஓட்டுவது ஒரு டிஜிட்டல் சிப். சிலவற்றில் வால்வுக்கு அடியில் ஆரஞ்சு நிற எல்இடி விளக்கு வைத்துத் தணலாகக் காட்டுவார்கள். இந்த வகையில் நாம் மேலே பார்த்த இரண்டு காரணங்களும் பெரும்பாலும் இல்லாமல் போகும். தூக்கிப் பார்த்தாலே தெரியும்: உண்மையான வால்வு செட்டில் மின் டிரான்ஸ்ஃபார்மரும் சேனலுக்கொரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு, கை கனக்கும். காசைச் செலவிட வேண்டிய இடமும் அந்த இரும்புதான். மெலிந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அடிநாதத்தில் திணறும். ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று மாற்றி மாற்றி வால்வு வாங்குவதைவிட, உணர்திறன் கூடிய ஸ்பீக்கர் வாங்குவது பலமடங்கு பலன் தரும்.

நம் ஊர் மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வயலுக்கு மோட்டார்கள் ஓடும் நேரத்தில் 230 வோல்ட் பத்து சதவீதம் இறங்கினால், 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.7தான் கிடைக்கும். கேத்தோடு வேண்டிய சூட்டுக்கு வராது. வோல்ட்டேஜ் ஏறினால் வால்வின் ஆயுள் குறையும். ஸ்டெபிலைசர் அவசியம். பாகூர்ப் பக்கம் கடற்காற்றின் உப்பு வால்வு சாக்கெட்டின் பின்களைப் பிடிக்கும், அவ்வப்போது துடைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஓர் எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். உயிரைப் பறிக்க அது போதும். பழகாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது. குழந்தைகள் தவழும் வீட்டில் வால்வின் மேல் கம்பிக்கூண்டு இருக்க வேண்டும். தொட்ட விரல் கொப்பளித்துவிடும்.

இரண்டு ஓம் சோதனை

வாங்குவதற்கு முன்பே வால்வின் இதத்தில் ஒரு பாதியை உங்கள் இப்போதைய செட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 2.2 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டு வாங்குங்கள். விலை சில ரூபாய். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் ஒயரில் ஒன்றை வரிசையில் இணையுங்கள். இப்போது உங்கள் டிரான்சிஸ்டர் செட்டுக்கு வால்வு செட்டின் வெளியீட்டு மின்மறுப்பு வந்துவிட்டது. இரண்டாம் மேற்சுரம் மட்டும் இல்லை.

ரெசிஸ்டர் போட்டதும் சத்தம் குறையும். சமன் செய்யாமல் ஒப்பிட்டால் சத்தம் கூடியதே நல்லதாகத் தோன்றும், அது எல்லாக் காதுக்கும் உள்ள பலவீனம். கைப்பேசியிலிருந்து 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு முறையும் வோல்ட் ஒன்றாக இருக்கும்படி வால்யூமைத் திருத்துங்கள். வீட்டில் வேறொருவர் உங்களுக்குத் தெரியாமல் இணைப்பையும் அதற்கேற்ற வால்யூமையும் மாற்றட்டும். நீங்கள் எதுவென்று எழுதுங்கள். பத்து முறையில் ஒன்பது முறையாவது சரியாகச் சொன்னால், வெறும் ஊகத்தில் அப்படி அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான்.

ரெசிஸ்டர் போட்ட ஒலியே உங்களுக்குப் போதும் என்றால் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். அதுவும் போதாமல், குரலுக்கு அடியில் அந்த மேல் ஸட்ஜமும் வேண்டும் என்று காது கேட்டால், ஒற்றை வால்வு செட் ஒன்றைத் தயங்காமல் வாங்குங்கள். எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்பது அப்போது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.